பச்சை மப்ளர் போட்ட ஆமை

“ஆமைக்கு எதுக்கு சார் மப்ளர்? அதான் வீட்டையே முதுகுல போட்டுக்கினு போவுதே!”

கேட்டவள் அஞ்சும். தர்மன் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சடகோபன்தான் சிரித்தார். சிரித்துப் பழக்கம் விட்டுப்போன முகம் அது. உதடு மட்டும் விரிந்து, கண் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்த பிறகு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று அஞ்சுமுக்குத் தோன்றியது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் இருந்தது தர்மனின் துப்பறியும் அலுவலகம். போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்து அவர் ஆரம்பித்தது. அஞ்சும் அவருடைய ஒரே உதவியாளர். டைப் அடிப்பது, ஆளைப் பின்தொடர்வது, டீக்கடைக்குப் போவது எல்லாமே அவள்தான். “சம்பளம் கைக்குத்தான் கொடுக்கிறேன், வாய் இலவசமா வேலை செய்யுது” என்பார் தர்மன்.

சடகோபன் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். பாடசாலையில் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுப்பவர். நெற்றியில் திருமண், தோளில் நன்றாக மடித்த அங்கவஸ்திரம். ஒரே மகன் ராம்ப்ரஸாத் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனவன். கொஞ்ச காலம் அம்மாவுக்கு மட்டும், பக்கத்து வீட்டு போனில் கூப்பிட்டுப் பேசினான். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

“அது டிவியில ஆடற ஆட்டம்மா” என்று அஞ்சுமிடமே சொன்னார் சடகோபன். “ஒரு ஆமை, ஒரு அணில். ரெண்டு பேர் சேர்ந்துதான் ஆட முடியும். ஆறு வந்தா ஆமை அணிலைச் சுமந்துண்டு நீந்தணும். மரம் வந்தா அணில் ஏறிப் போய்க் கொடியை இறக்கி விடணும். ப்ரஸாத் அணில். நான் ஆமை.”

“நீங்களா சாமி?”

“லீவு நாள்ல உட்காருவோம். ஒளிச்சு வெச்சிருக்கற விதை அத்தனையும் பொறுக்கினா, கடைசியில ஆமைக்குப் பச்சை மப்ளர் கிடைக்கும். நாங்க வாங்கினோம். அதெல்லாம் ஒரு சின்னக் கார்டுல பதிஞ்சிருக்கும். அந்தக் கார்டை அவன் போகச்சே எடுத்துண்டு போயிட்டான்.”

“இப்போ என்ன ஆச்சு?” என்றார் தர்மன்.

“போன சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டுத் திரும்பிண்டிருந்தேன்.”

“ஊருக்குப் போயிருந்தீங்களா?”

“இல்லை. சும்மாதான் போவேன். சனிக்கிழமை சனிக்கிழமை.”

சென்னை பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்க்கத்தான் என்பது அஞ்சுமுக்குப் புரிந்தது.

“வழியில ஒரு டிவி கேம் கடை இருக்கு. வாசல் டிவியில அந்த ஆட்டம் ஓடிண்டிருந்தது. ரெண்டாவது பாகம். புதுசா வந்திருக்காம். ஆத்தங்கரை, மரம் எல்லாமே வேற. ஆனா ஆமை கழுத்துல பச்சை மப்ளர்! பழைய கார்டைச் செருகினாத்தான் அது வரும். திரை மூலையில இங்கிலீஷ்ல பேர். ‘ப்ரஸாத் – அப்பா’. கண்ணாடியைத் துடைச்சுண்டு மறுபடியும் பார்த்தேன். அதேதான்.”

“உள்ளே போய்க் கேட்கலையா?”

சடகோபன் அங்கவஸ்திரத்தின் நுனியை விரலில் சுற்றினார்.

“அவன் உள்ளே இருந்து, என்னைப் பார்க்க மாட்டேன்னு சொல்லிட்டான்னா?”

அஞ்சும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நீங்க வீட்ல இருங்க” என்றார் தர்மன். “நாங்க பார்த்துட்டு வந்து சொல்றோம்.”

*

கடைக்காரன் பெயர் சுபியான். ராம்ப்ரஸாத் வயதுதான் இருக்கும். உள்ளே மூன்று டிவிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் கார் ஓட்டும் ஆட்டங்களின் படங்கள். வாசலில் ஓர் அட்டை தொங்கியது: ‘மதியம் கடை மூடப்படும்’.

“பச்சை மப்ளர் ஆமை எங்கப்பா இருக்குது?” என்று ஆரம்பித்தாள் அஞ்சும். “குளிர் தாங்காம எங்கயாவது பூடுச்சா?”

சுபியானின் கை, எண்ணிக்கொண்டிருந்த சிடிகளின் மேல் நின்றது.

“அது யாரோ வித்துட்டுப் போன கார்டு அக்கா. போன வாரம்தான் வாங்கினேன்.”

“வித்தது யாரு?” என்றார் தர்மன்.

“எவ்ளோ பேர் வந்துக்கினு போறாங்க சார். எனக்கு எப்டி ஞாபகம் இருக்கும்?”

“சரி. ஒரு ஆட்டம் ஆடணும். அந்தக் கார்டைப் போடு.”

மறுத்தால் சந்தேகம் வரும் என்று அவன் யோசித்தது தெரிந்தது. டிராயரைத் திறந்து, கார்டை எடுத்துச் செருகினான். அஞ்சும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அணில் அவள் கையில், ஆமை தர்மன் கையில். அணில் முதல் பாலத்திலேயே தண்ணீரில் விழுந்தது. மறுபடி விழுந்தது. இன்னொரு முறையும் விழுந்தது.

“சார், இது அணில் இல்ல, மீன்.”

“ஆட்டத்தை நிறுத்து. இதுவரைக்கும் ஆடின கணக்கு வரும் பாரு, அதைக் காட்டு.”

திரையில் ஒரு பட்டியல் வந்தது. கடந்த இடங்கள், பொறுக்கிய விதைகள், மிதித்துக் கொன்ற பூச்சிகள், கடைசியாக ஆடி நிறுத்திய வேளைகள். தர்மன் அதை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். “தேங்க்ஸ்பா” என்று எழுந்துவிட்டார். அஞ்சும் கட்டுப்படுத்தும் கருவியைக் கீழே வைக்கப் போனவள், அதை வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். பொத்தான்களின் ஓரத்தில் மஞ்சள் படிந்திருந்தது.

வெளியே பட்டுக்கடைகளின் வாசலில் கல்யாணக் கும்பல்கள். ஆட்டோக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரு டீக்கடை நிழலில் ஒதுங்கினார்கள்.

“பையன் பொய் சொல்றான் சார்” என்றாள் அஞ்சும். “போன வாரம் வாங்கினதுன்னா அத்தனை இடம் எப்டித் தாண்டியிருக்கும்? ரெண்டாவது பாகத்துல பாதி முடிஞ்சிருக்குது.”

“ஆடுறது ராம்ப்ரஸாத்தா?”

“இல்லாம? அவர் கார்டு, அவர் பேரு.”

“பூச்சிக் கணக்கைப் பார்த்தியா?”

“பார்க்கல.”

“பூஜ்யம். முதல் பாகத்துக் கணக்கும் பக்கத்துலயே இருக்குது. அதுல ஆயிரக்கணக்குல மிதிச்சிருக்கான். அப்படி ஆடினவன், ரெண்டாவது பாகத்துல ஒரு பூச்சியைக்கூட மிதிக்காம சுத்திச் சுத்திப் போறானா? மனுஷன் திருந்தலாம். விரல் திருந்தாது அஞ்சும். இது வேற கை.”

அஞ்சுமுக்குச் சட்டென்று அந்த மஞ்சள் நினைவு வந்தது.

“சார், அந்தக் கருவியில மஞ்சா ஒட்டிக்கினு இருந்தது. முதல்ல பஜ்ஜி சாப்ட்ட கைன்னு நெனச்சேன். எண்ணெயே இல்ல. பூசுற மஞ்சா.”

“ஆடி நிறுத்தின வேளை எல்லாமே மத்தியானம். கடை மூடியிருக்கிற நேரம்.”

“பொண்ணு!” அஞ்சும் கையைத் தட்டினாள். “லவ்வு சார்! ப்ரஸாத் யாரையோ கட்டிக்கினு இந்த ஊருக்கே வந்துட்டார். அப்பாவுக்குப் பயந்து ஒளிஞ்சிக்கினு இருக்கார். பொண்டாட்டி வந்து ஆடிட்டுப் போவுது. நாளைக்கு சாமிக்கு மகன் கூடவே மருமகளும் இலவசம்!”

தர்மன் டீயை உறிஞ்சினார். அவர் முகத்தில் அவள் எதிர்பார்த்த உற்சாகம் இல்லை.

“நாளைக்கு மத்தியானம் பின்பக்கமா வருவோம்” என்றார்.

*

மறுநாள் கடையின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. பின்சந்தில் ஒரு கதவு. தர்மன் தட்டியதும், சாப்பாடு கொண்டுவருகிற ஆள் என்று நினைத்தோ என்னவோ, சுபியான் திறந்துவிட்டான். பார்த்ததும் மூடப் போனான். அஞ்சும் காலை உள்ளே வைத்தாள்.

“செருப்பு புதுசு பாய். நசுக்கிடாதே.”

சின்ன அறை. ஒரு டிவி. அதன் முன்னால், நாற்காலி இருந்தும் அதில் உட்காராமல், தரையில் சம்மணம் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அஞ்சும் கற்பனை செய்து வைத்திருந்த புது மருமகள் இல்லை. தலை நரைத்த அம்மாள். ஒன்பது கஜம் புடவை, வைர மூக்குத்தி, பக்கத்தில் பூ வாங்கி வைத்த பிரம்புக்கூடை. இரண்டு கையாலும், நேற்று முன்கடையில் பார்த்த அதே மஞ்சள் படிந்த கருவியை, நிறைந்த பால் சொம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். திரையில் அணில் ஒரு வண்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. வண்டு ஊர்ந்து போகும்வரை அந்த அம்மாள் பொத்தானைத் தொடவில்லை.

பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க யாரும்மா?” என்றார் தர்மன்.

“மங்கை. சடகோபன் ஆத்துக்காரி.” அவர் எழுந்திருக்க முயலவில்லை. “நேத்து ரெண்டு பேர் வந்து விசாரிச்சாளாம், சுபியான் சொன்னான். அவர் உங்களண்டை வந்தாரா? சனிக்கிழமையிலேர்ந்து ஒரு மாதிரியா இருந்தார். என்னவோ பார்த்துட்டார்னு நெனச்சேன்.”

“கார்டை முன்னாடி டிவியில மறந்துட்டேன் மாமி” என்றான் சுபியான். “அன்னிக்குப் பசங்க கேட்டாங்கன்னு போட்டுக் காமிச்சேன். என்னாலதான்.”

அஞ்சுமின் நாக்கில் ஒரு கேள்விதான் இருந்தது. தர்மன்தான் கேட்டார், ரொம்ப மெதுவாக.

“உங்க மகன் எங்கம்மா?”

மங்கை கருவியை மடியில் வைத்தார்.

“இல்லை” என்றார்.

சுபியான்தான் மிச்சத்தைச் சொன்னான். ராம்ப்ரஸாத் சென்னையில் கம்ப்யூட்டரில் படம் வரையக் கற்றுக்கொண்டிருந்தான். இந்த மாதிரி ஆட்டங்களைத் தானே உண்டாக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஒரு விடியற்காலை பூந்தமல்லிப் பக்கம் லாரி மோதியது. சட்டைப்பையில் பெயரோ விலாசமோ எதுவும் இல்லை. கூடத் தங்கியிருந்த அந்தோணி ஊர் ஊராகத் தேடி, போலீஸ் வைத்திருந்த போட்டோவைப் பார்த்து அடையாளம் சொல்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. யாரும் கேட்காத உடம்பு என்று எரித்துவிட்டார்கள். அந்தோணிக்குக் காஞ்சிபுரத்தில் தெரிந்தது, ப்ரஸாத் ஓயாமல் பேசிய இந்தக் கடை மட்டும்தான். பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தான். துணிமணியோடு அந்தக் கார்டும் இருந்தது.

“சாமி பாடசாலைக்குப் போன நேரமாப் பார்த்து நான்தான் மாமிகிட்டப் போய்ச் சொன்னேன்” என்றான் சுபியான். “அவங்க சத்தம் போட்டு அழல. கொல்லைப்பக்கம் போனாங்க. தலையில தண்ணி ஊத்திக்கினு ஈரத்தோட வந்தாங்க. ‘அவருக்குத் தெரிய வேண்டாம்’னாங்க.”

“ஏன் மாமி?” என்றாள் அஞ்சும்.

“ரெண்டாவது பாகம் வரப்போறதும்மான்னு போன்ல சொல்லிண்டே இருப்பான்.” மங்கை வேறெதற்கோ பதில் சொல்வதுபோலச் சொன்னார். “வந்ததும் அப்பாவைக் கூட்டிண்டு ஆடணும்னான். போன மாசம் வந்துடுத்துன்னு சுபியான் சொன்னான். அவன் பேர் எழுதின ஒண்ணு முடியாம நிக்கறதே, முடிச்சு வெச்சுடலாம்னு தோணித்து. நேக்கு இதெல்லாம் என்ன தெரியும்? இவன்தான் ஆமையை வெச்சுண்டு கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கறான். ஆரம்பிக்கச்சே இது ‘மறுபடியும் வந்தியா ப்ரஸாத்’னு எழுத்துல கேக்கறது. எங்காத்துல இப்போ அவன் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை.”

டிவியிலிருந்து ஏதோ குருவி கத்தும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“அவன் கிளம்பின அன்னிக்கு இவர் ‘போ’ன்னார்” என்றார் மங்கை. “ஒத்தை வார்த்தை. போயிட்டு வான்னு சொல்லலை. கோபத்துல சொன்னதுதான். யாராத்துலதான் நடக்கலை? ஆனா அதுதான் கடைசியாப் போயிடுத்து. அதை அவருக்கு நான் எப்படித் தெரியப்படுத்துவேன்? சொல்லுங்கோ.”

தர்மன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் குற்றவாளிகளின் முன்னால் உட்கார்ந்து அஞ்சும் பார்த்திருக்கிறாள். இப்படித் தோள் தொங்க உட்கார்ந்து பார்த்ததில்லை.

“என்னைத் தேடச் சொன்னவர் அவரும்மா. அவர்கிட்ட நான் என்ன சொல்றது?”

“கிடைக்கலைன்னு சொல்லுங்கோ. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வருவார். ‘இன்னிக்கும் கூட்டம்’பார். காப்பி கலந்து கொடுப்பேன். அப்படிப் போறதுக்கு ஒரு இடமாவது அவருக்கு இருக்கட்டுமே.” குரல் அங்கே உடைந்தது. “ஆனா குழந்தைக்கு ஒண்ணுமே செய்யலை. ஒரு வாய் எள்ளும் தண்ணியும் இறைக்கலை. இறைக்க வேண்டியவர் அவர். அவருக்குத் தெரியாது. நான் தினம் சாதம் வடிச்சுச் சாப்பிட்டுண்டிருக்கேன்.”

முன்பக்கம் ஷட்டர் தகரம் லேசாக அதிர்ந்தது. அஞ்சும் போய் இடுக்கு வழியாகப் பார்த்தாள். தெருவுக்கு எதிர்ப்புறம், ஒரு பட்டுக்கடையின் படிக்கட்டு ஓரம், வெயிலில் சடகோபன் நின்றிருந்தார். ஷட்டரைத் தட்டிவிட்டு, பயந்து திரும்பிப் போய் நின்றிருக்க வேண்டும். சொன்னபடி வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை.

“அவர் வந்துட்டாரா?” என்றார் மங்கை, அஞ்சுமின் முகத்தைப் பார்த்தே. “ஏதாவது சொல்லி அனுப்பிடும்மா. நீ நன்னாப் பேசறவளாமே. ஏதாவது சொல்லி அனுப்பிடு.”

அஞ்சும் தர்மனைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பின்கதவு வழியாகச் சந்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். வருகிற வழியெல்லாம் பொய் தயார் செய்தாள். நல்ல பொய்யாகவே வந்தது. ப்ரஸாத் பெங்களூர் போய்விட்டான், பெரிய வேலையாம், கார்டைச் சுபியானிடம் கொடுத்துவிட்டுப் போனானாம். நடுவில் ஒரு ஜோக்குக்கூட வந்து உட்கார்ந்தது. இதைச் சொன்னால் அவர் நம்புவார். நம்பி அடுத்த சனிக்கிழமையிலிருந்து பெங்களூர் பஸ் பக்கம் போய் நிற்பார்.

சடகோபன் அவளைப் பார்த்ததும் இரண்டு படி இறங்கி வந்தார்.

“இருக்கானா?”

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணக் கும்பல் சிரித்துக்கொண்டே அவர்கள் நடுவில் புகுந்து போனது. அது போகும்வரை இருவரும் அசையாமல் நின்றார்கள்.

“உள்ளே மாமி இருக்காங்க சாமி” என்றாள். “நீங்களே வந்து கேளுங்க. நான் கூட வரேன்.”

“மங்கையா? அவ எங்கே இங்கே?”

அஞ்சும் முன்னால் நடந்தாள். அவர் செருப்புச் சத்தம் பின்னால் வந்துகொண்டிருந்தது. சந்தில் திரும்பும்போது அது ஒருமுறை நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் சத்தம் கேட்டதும் நடந்தாள்.

சடகோபன் வாசற்படியில் நின்று முதலில் திரையைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த மனைவியை, அவர் மடியில் இருந்த கருவியை. மங்கை தலையைத் தூக்கினார். கல்யாணமான நாள் முதல் பார்த்த முகம் அல்லவா, சொல்ல வேண்டியதை அதுவே சொல்லிவிட்டது.

“எப்போ?” என்றார் சடகோபன்.

“போன ஐப்பசி.”

“திதி?”

“வளர்பிறை துவாதசி. அந்தோணின்னு ஒரு பிள்ளை தேதி சொன்னான். பஞ்சாங்கத்துல பார்த்து வெச்சேன்.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சுபியான் நாற்காலியை நகர்த்தினான். அவர் உட்காரவில்லை.

“கேட்டவுடனே ஸ்நானம் பண்ணணும்” என்றார், பாடசாலையில் பாடம் சொல்கிற அதே குரலில். “நீ பண்ணினியா?”

“அன்னிக்கே. கொல்லையில.”

“தனியாவா?”

மங்கை தலையை மட்டும் அசைத்தார்.

சடகோபனின் வாய் கோணிக்கொண்டு போயிற்று. சுபியானைப் பார்த்துக் கேட்டார்: “இங்கே தண்ணி இருக்கோப்பா? ஆத்து வரைக்கும் என்னால நடக்க முடியாது.”

சந்தில் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு அடிபம்பு இருந்தது. தெருக்காரர்கள் பாத்திரம் கழுவுகிற இடம். சுபியான் ஓடிப்போய் அங்கே இருந்த குடங்களை ஒதுக்கினான். சடகோபன் கண்ணாடியைக் கழற்றித் தர்மனிடம் கொடுத்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, பம்பின் வாய்க்குக் கீழே சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்தார். மங்கை வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவரும் புடவையோடு அந்த ஈரத்தில் உட்கார்ந்தார்.

பம்பின் பிடியைப் பிடித்தது அஞ்சும். முதல் சில அடிக்கு வெறும் காற்றுதான் வந்தது. பிறகு தண்ணீர் குபுக்கென்று விழுந்தது. தலையில் விழுந்த அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் சடகோபன் முதன்முதலாக மகன் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டு அழுதார். திருமண் கரைந்து மூக்கின் வழியாக இறங்கியது. மங்கை ஒரு கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சந்து ஜன்னல்களில் ஒன்றிரண்டு திறந்து, மறுபடியும் மூடிக்கொண்டன.

“போதுமா சாமி?” என்று கேட்க வாயெடுத்தான் சுபியான். தர்மன் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

அஞ்சுமுக்குத் தோள் விண்விண்ணென்று வலித்தது. துப்பட்டா நனைந்துவிட்டது. அவள் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தாள்.